ஓர் ஆளுக்கு முப்பத்தாறு சதுர அடி

மே 8, 1976. சனி

காலை மணி பத்து இருபது. அறையில் ஆட்கள் முப்பத்தொன்று.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று குழந்தைவேல் மாமா சொன்ன எண் இது. கைதியைப் பார்ப்பதற்கு இங்கே மனு என்று பெயர். மனு பத்து நிமிடம். இந்த ஓர் எண்ணை வாங்க எனக்கு எட்டு நிமிடம் ஆனது. மற்ற நேரத்தை மாமாவும் சரசு அக்காவும் வீணாக்கினார்கள்.

"மாப்ள, சங்கத்துல யாராச்சும் வாயத் தொறக்கறாங்களா?" என்றார் மாமா.

"அரசியல் பேசப்படாதுங்," என்றார் பக்கத்தில் நின்ற வார்டர்.

"சாப்பாடு எப்பிடிங்க இருக்குது?" என்றாள் சரசு.

"அதுவும் அரசியல்தான் கண்ணு," என்று மாமா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

மாமா, சரசுவின் கணவர். மில் தொழிற்சங்கச் செயலாளர். பிப்ரவரியில் மிசா சட்டத்தில் பிடித்தார்கள். காரணம் சொல்லவில்லை. மிசாவில் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதால் சொல்லாததும் சட்டப்படி சரி. நெருக்கடி நிலை வந்ததிலிருந்து பஸ் நேரத்துக்கு வருகிறது, அதையும் எழுதிவைக்க வேண்டும். நான் எந்தக் கட்சியும் இல்லை. மோட்டார் பம்பு கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். டிப்ளமோ, முதல் வகுப்பு. எங்கள் படம் வரையும் அறையில் 'பேச்சைக் குறை, வேலையைப் பெருக்கு' என்று சர்க்கார் சுவரொட்டி இருக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மாமாவுக்குத்தான் இருந்தது.

என் பிரச்சினை அவருடைய நுரையீரல். பதினெட்டு வருடப் பஞ்சுத் தூசி உள்ளே இருக்கிறது. காற்றோட்டமாகப் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பத்தொரு பேர் படுக்கும் அறையில் காற்று எங்கே ஓடும்?

திரும்பும்போது பஸ்ஸில் சரசு கேட்டாள்: "ஏன்டா தண்டபாணி, மனுசன் அந்த இருமு இருமறாரு, நீ எத்தன பேரு எத்தன பேருன்னே கேட்டுட்டு நிக்கற?"

இருமலைக் கோர்ட்டில் காட்ட முடியாது. எண்ணைக் காட்டலாம். அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 12, புதன்

வக்கீல் பிலோமினாவைப் பார்த்தோம். மாவு மில்லுக்கு மேல் மாடியில் அலுவலகம். சட்டப் புத்தகங்கள் மேல் எல்லாம் மாவு. வயது முப்பத்தைந்து இருக்கும். போன வருடம் வரை வரப்புத் தகராறும் ஜீவனாம்சமும் பார்த்தவர். பெரிய வக்கீல்களுக்கெல்லாம் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனதால் ஊரில் உள்ள மிசா குடும்பங்கள் எல்லாம் இவரிடம் வந்துவிட்டன.

"விடுதலை கேக்க முடியாது தம்பி. போன மாசம் டெல்லியில அந்தக் கதவச் சாத்திட்டாங்க. ஏன் புடிச்சேன்னு எந்தக் கோர்ட்டும் கேக்காது."

"அப்ப என்னதான் கேக்கலாம்?"

"எடம் கேக்கலாம். ஜெயில் விதியில ஒரு ஆளுக்கு முப்பத்தாறு சதுர அடின்னு இருக்கு. வெள்ளக்காரன் போட்டது. அத இன்னும் யாரும் ரத்து பண்ணல, மறந்துட்டாங்கபோல. அந்த அறை எத்தன சதுர அடி, உள்ள எத்தன பேரு. ரெண்டே ரெண்டு எண்ணு எனக்குக் கொண்டாங்க. மெட்ராஸ் ஐகோர்ட்டுல மனுப் போடறேன்."

இத்தனை நாளில் அரசியல் கேட்டு எனக்குப் புரிந்தது இதுதான் முதல் தடவை.

மே 13, வியாழன்

பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தின் படம் மூன்று முடித்தேன். முதலாளி நேற்றைய அரை நாள் லீவைச் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னார். சரி என்றேன்.

மே 22, சனி

மனு. முன்னேற்றம் உண்டு.

மாமாவிடம் நேராகக் கேட்டேன், அறை எவ்வளவு நீளம் என்று. துண்டால் அளந்து வைத்திருந்தார். போன தடவையே நான் கேட்டிருப்பேன் என்று எதிர்பார்த்தாராம்.

"நீளம் முப்பத்திரெண்டு. அகலம் பதினாறு."

வார்டர் குறுக்கிட்டார். "ஏனுங், அரசியல்..."

"அரசியல் இல்லீங்க. அகலம்," என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அகலம் பேசலாமுங். ஆனா பதினாறு இல்லீங். பதினஞ்சரை. அந்தச் செவுத்தோரம் நாங் கட்டலு போட்டுப் பாத்துருக்கறன்."

"சன்னலு?"

"மூணு," என்றார் மாமா.

"ரெண்டுங். ஒண்ணத்தான் போன வருசம் செங்கல் வெச்சு அடச்சாச்சுங்களே."

இப்படியே கதவு, சுவர்க் கனம், கழிவுநீர்க் கால்வாய், கால்வாய் எந்தப் பக்கம் வெளியே போகிறது, எல்லாம் கேட்டு முடித்தேன். வார்டர் நல்ல மனிதர். சரசுவுக்குத்தான் ஒரு வார்த்தை பேச நேரம் கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் எனக்குக் கேட்கும்படி யாரையோ திட்டினாள்.

496 சதுர அடி. 31 பேர். ஆளுக்குச் சரியாகப் பதினாறு. ஒரு பாய் விரித்தால் பதினைந்து போய்விடும். மிச்சம் ஒரு சதுர அடியில் அவரவர் உலாவிக்கொள்ளலாம்.

மே 26, புதன்

படம் முடிந்தது. மேல்தோற்றம், முகப்பு, இரண்டு குறுக்குவெட்டு. கால் அங்குலத்துக்கு ஓர் அடி. சுவர்க் கனம், கதவு திறக்கும் திசை, பூட்டு இருக்கும் பக்கம், கால்வாயின் விட்டம், அது வெளிமதிலைக் கடக்கும் இடம், வடக்குக் குறி. இந்தப் படத்தைக் கொடுத்தால் ஒரு கொத்தனார் அந்த அறையை அப்படியே வேறு ஊரில் கட்டிவிடலாம். வேலை நேரம் முடிந்தபின் கம்பெனி நகல் இயந்திரத்தில் அமோனியா பிரிண்ட் மூன்று எடுத்தேன்.

ஓரக் கட்டத்தில் 'வரைந்தவர்: த.' என்று எழுதினேன். 'சரிபார்த்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது. அதைக் காலியாக விட்டு ஒரு படம் வெளியே போனால் எங்கள் தலைமை டிராப்ட்ஸ்மேன் கிழித்துப் போடுவார். அளவுகளைச் சரிபார்த்தது யார்? மாமா. 'கு.வே.' என்று போட்டேன்.

மே 27, வியாழன்

பிலோமினா படத்தை மேசையில் விரித்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நான் என்ன கேட்டேன்?"

"ரெண்டு எண்ணு."

"இது என்ன?"

"எண்ணு ரெண்டும் அதுல இருக்குங்க. கீழ, வலது மூலையில."

"கால்வாய் எதுக்கு?"

"இருக்குது, அதனால வரைஞ்சேன்."

"பூட்டு?"

"கதவு வரைஞ்சா பூட்டு வரையணும்."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மாவு ஒட்டியது. "எஞ்சினியரே, எண்ண மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டு இதையெல்லாம் அடுப்புல போடு. மெட்ராஸ்ல என் சீனியர் ஊர்லேர்ந்து வரட்டும். பத்து நாள் ஆகும்."

எழுதிக் கொடுத்தேன். ஒரு பிரிண்டை அவர் முன்னாலேயே கிழித்தேன். மூன்று எடுத்ததை அவர் கேட்கவில்லை.

ஜூன் 4, வெள்ளி

பத்து நாள் நாளையோடு சரி. சீனியர் இன்னும் வரவில்லை. அவர் மகளுக்குக் கல்யாணமாம். முந்தாநாள் மனுவுக்குப் போய் வந்த வேறொரு குடும்பத்தார் சொன்னார்கள், மாமாவுக்கு இரவில் மூச்சு அடைக்கிறது என்று.

ஒரு பம்பு ஓடாவிட்டால் பம்பு செய்தவனுக்குத்தான் எழுத வேண்டும். வக்கீலுக்கு அல்ல. சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, மெட்ராஸில் உள்ள அவருடைய மேலதிகாரிக்கு ஒன்று, இரண்டு பிரிண்டையும் தபாலில் போட்டுவிட்டேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. சரியாக வரைந்த படத்துக்கு விளக்கம் தேவையில்லை.

ஜூன் 5, சனி

மழை. படம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜூன் 12, சனி

மனு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசலில் புது வார்டர். பழையவரை எங்கோ மாற்றிவிட்டார்களாம். காரணம் தெரியவில்லை என்று எழுதப் போனேன். எழுதவில்லை.

ஜூன் 14, திங்கள்

மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் கம்பெனிக்கு வந்தார்கள். முதலாளி அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"நம்ம தண்டபாணிங்களா? அவனுக்குப் பம்பு தவிர ஒண்ணும் வரையத் தெரியாதுங்க. எங்கூட்டுக் கோழிக்கூண்டு ஒண்ணு வரைஞ்சு தாடான்னேன், அதுலயும் வால்வு வெச்சுட்டானுங்க."

இது பொய். கோழிக்கூண்டு நான் வரைந்ததே இல்லை. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது.

அவர்களில் உயரமானவர் ஒரு போட்டோ நகலை என் முன் வைத்தார். "இது நீ வரைஞ்சதா?"

பார்த்தேன். கோடுகள் மங்கல். சுவர்க் கனம் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. "என் படத்துல கோடு இப்படி இருக்காதுங்க," என்றேன்.

"அப்ப இல்லைங்கறே."

"இது நான் வரைஞ்சது இல்லை."

நான் வரைந்தது டிரேசிங் தாளில். இது அதன் பிரிண்டின் போட்டோவின் நகல். என் பதில் தொழில்முறைப்படி சரியானது. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஜூன் 19, சனி

பிலோமினா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். படி ஏறும்போதே குரல் கேட்டது. கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தும் கேட்டது.

"தப்பிக்கறதுக்குப் பிளான்! ஜெயில உடைக்க சதி! கால்வாய் வழியா முப்பத்தொரு பேரும் வெளிய போக வரைபடம்! ஏன்யா, உன்ன யாரு தபால்ல போடச் சொன்னா?"

"நீங்க லேட் பண்ணீங்க."

"சரிபார்த்தவர் கு.வே. அடப்பாவி, கையெழுத்து வேற! அந்த அறையில கு.வே. ஒருத்தர்தான் இருக்காரு!"

"சரிபார்த்தவர் இல்லாம படம் வெளிய போகக் கூடாதுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் சொன்னார். மாமாவைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். பத்துக்கு எட்டு. கூரைக்குக் கீழே ஒரே ஒரு துவாரம்.

எண்பது சதுர அடி. விதிப்படி அவருக்கு உரியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கோரிக்கை நிறைவேறியிருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 20, ஞாயிறு

சரசு கேட்டாள். "நீதான் வரைஞ்சயா?"

"ஆமா."

"அவரு பேரயும் போட்டயா?"

"முதலெழுத்து மட்டும்."

சோறு போட்டாள். குழம்பில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஜூன் 27, ஞாயிறு

பட்டீஸ்வரன் வந்தான். மாமாவோடு சங்கத்தில் இருந்தவன், அதே அறையில் இருந்தவன். இனிமேல் அரசியலில் ஈடுபட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை வெளியே வந்திருக்கிறான். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வாசல் படியிலேயே நின்றான். சரசு நீர்மோர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"அண்ணனுக்கு சன்னலுக்கு நேர் கீழ எடம் குடுத்துருந்தமுங்க. வந்த மொத நாளே. அதுக்குப் போட்டியே கெடயாது. ராத்திரி மூச்சு முட்டுனா படுக்க முடியாதுங்களே, நிமுத்திப் புடிக்கோணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தரு, மொற போட்டு முதுகுக்குப் பின்னால உக்காந்துக்குவோம். எம் மொற வர்ற ராத்திரி பன்னெண்டுலருந்து ரெண்டு."

"முப்பத்தொரு பேருமா?" என்றேன்.

"அண்ணன விட்டா முப்பது பேருங்க. வேற கட்சிக்காரங்களும்தான். ஒருத்தருக்கொருத்தரு பகல்ல பேச்சுவார்த்தை கெடயாது, ராத்திரி மொற மட்டும் தப்பாது."

"இப்ப?"

அவன் மோரைப் படியில் வைத்தான். "இப்ப அவரு தனியாத்தானுங்க."

படத்தில் இரண்டு ஜன்னல் இருக்கிறது. அதன் கீழே யார் படுத்திருந்தார் என்பது இல்லை. அளவு எடுக்க முடியாததை நாங்கள் படத்தில் போடுவதில்லை.

போகும்போது இன்னொன்று சொன்னான். த. யார் என்று சொன்னால் பழைய அறைக்கே அனுப்புவதாக அதிகாரி மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா சொன்னாராம்: "த-வா? எங்க மில்லுல அந்த எழுத்துல முன்னூறு பேரு இருக்கறானுங்க. அத்தன பேரையும் புடிங்க. ஆனா நைட் சிப்ட்டு ஓடாது, முதலாளி உங்களத்தான் திட்டுவாரு."

ஜூன் 28, திங்கள்

வேலை நடந்தது.

ஜூலை 3, சனி

சரசுவுக்கு மட்டும் மனு கொடுத்தார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். வெளியே வந்தவள் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தாள்.

"நின்னுட்டே பேச முடியலடா. வலையப் புடிச்சுட்டு நின்னாரு. ஒரு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு."

"என்ன சொன்னாரு?"

"உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு. படம் நல்லாருந்துச்சாம். விசாரணையில காட்டுனாங்களாம். மொத்த அறையும் அப்பிடியே இருக்குதுன்னு சொல்லச் சொன்னாரு."

பஸ் நேரத்துக்கு வந்தது.

ஜூலை 14, புதன்

பிலோமினா மெட்ராஸிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் பெட்டி. அவர் சிரிப்பதை நான் முதல் தடவை பார்த்தேன்.

"நான் போட்ட மனுவுக்கு சர்க்கார் பதில் மனு போட்டிருக்கு. கேளு. 'மிகவும் துல்லியமான இந்த வரைபடம் சிறையின் பாதுகாப்புக்குப் பேராபத்து.' துல்லியம்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டாங்கய்யா! உன் படம் தப்புன்னா ஆபத்து இல்ல. ஆபத்துன்னா படம் சரி. படம் சரின்னா நானூத்தித் தொண்ணூத்தாறு சதுர அடியும் சரி. இனிமே மாத்திப் பேச முடியாது."

"சரியாத்தானே வரைஞ்சேன்," என்றேன்.

"வாயை மூடு. நீதிபதி ஒரு கேள்வி கேட்டாரு. வரைஞ்சவன் யாரு, எதுக்கு வரைஞ்சான்? அவன் வந்து, மனு நேரத்துல, வார்டர் முன்னால, எடக் கணக்குக்காகக் கேட்டு வரைஞ்சேன்னு சத்தியம் பண்ணினா சதின்னு சொல்றது நிக்காது. குழந்தைவேலைப் பழைய அறைக்கு அனுப்பித்தான் ஆகணும். வரலைன்னா அவரு அங்கேயேதான்." சிரிப்பு போய்விட்டது. "வெள்ளிக்கிழமை கேஸ் வருது. சத்தியப் பத்திரம் நாளைக்குக் கையெழுத்தாகணும்."

"போட்டா?"

"மெட்ராஸ் போய்ச் சேர்ற வரைக்கும் உன்ன நான் பாத்துக்குவேன். அதுக்கப்புறம் புடிப்பாங்க. எந்தச் சட்டத்துலன்னு கேக்காத, அதுலதான். இந்த ஊர் ஜெயிலுக்குத்தான் கொண்டு வருவாங்க. மிசா ஆளுங்க எல்லாருக்கும் அந்த ஒரே அறைதான்."

"எப்ப விடுவாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மாவு மில்லுக்கு மேல உக்காந்திருக்கேன்?"

சமையலறை வாசலில் சரசு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. போடு என்றோ போடாதே என்றோ அவள் சொல்லவில்லை. வக்கீலிடம் கேட்டாள்: "ஏனுங்க, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மனுப் போட்டா பத்து நிமிசந்தானுங்களா, இல்ல இருவதா?"

பிலோமினா விதியைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

சரசு உள்ளே போய் இட்லிக்கு மாவாட்ட உட்கார்ந்தாள். உரல் சத்தம் வழக்கத்தைவிட அதிகம். நான் ஒரு தாள் எடுத்தேன். வரிசைப்படுத்தாமல் எதையும் தொடங்குவது எனக்கு வழக்கமில்லை.

நாளை:

1. காலை கம்பெனி திறந்ததும் ராஜினாமா. படம் கம்பெனிக்குத் தெரியாமல் வரைந்தது என்று அதில் எழுதுவது. முதலாளி கேட்டால், கோழிக்கூண்டுக்கு நன்றி என்று சொல்வது.

2. பாதியில் நிற்கும் எட்டு அங்குல பம்பின் குறுக்குவெட்டைத் தலைமை டிராப்ட்ஸ்மேனிடம் ஒப்படைப்பது. அளவுகளை யாரும் தொடக் கூடாது.

3. பத்தரைக்கு நோட்டரி. முழுப் பெயர், தகப்பனார் பெயர், முகவரி. முதலெழுத்து போதாது.

4. ஜூன் 14 அன்று மப்டிக்காரரிடம் நான் சொன்ன பதிலையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்வது. அது சரியான பதில் அல்ல.

5. பழைய வார்டரை எந்த ஊருக்கு மாற்றினார்கள் என்று விசாரித்து, பிலோமினாவிடம் சொல்வது. அவருக்கும் ஒரு வக்கீல் வேண்டியிருக்கும்.

6. மெட்ராஸ் ரயிலுக்கு முன் பட்டீஸ்வரன் வீடு. மூச்சு முட்டும்போது மாமாவை எப்படி நிமிர்த்துவது, கை எங்கே கொடுப்பது, முன்னால் சாய்ப்பதா நேராகப் பிடிப்பதா என்று கேட்டுக்கொள்வது. வாயால் சொன்னால் எனக்கு வராது. அவனை உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்துப் பார்ப்பது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இப்போது ஆள் இல்லை.